கணக்கு நோட்டு யார் கையில்?

காலாண்டுத் தேர்வு விடுமுறை வந்தால் மேல்நிலைப் பள்ளிகளின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள் களைகட்டும். ஏழு நாள் முகாம். பக்கத்துக் கிராமத்தின் தொடக்கப் பள்ளியோ சமுதாயக் கூடமோ தங்குமிடம். காலையில் மண்வெட்டியும் பாண்டுமாகக் கிளம்பும் பிள்ளைகள் கோயில் குளத்தைச் சுத்தம் செய்வார்கள், பாதையோரச் சீமைக் கருவேலத்தை வெட்டுவார்கள். பிற்பகலில் யாராவது வந்து தலைமைப் பண்பு பற்றிப் பேசுவார்கள். மாலையில் கலை நிகழ்ச்சி, ஏழாம் நாள் நிறைவு விழா, சான்றிதழ், குழுப் படம். 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய இந்தத் திட்டம் பல தலைமுறைகளின் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, உடல் உழைப்பின் மீதிருந்த கூச்சத்தைப் போக்கியிருக்கிறது. அது சிறிய காரியமல்ல. ஆனால் அந்த முகாம் பற்றி மூன்று கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். எந்தக் குளத்தைச் சுத்தம் செய்வது என்று முடிவெடுத்தவர் யார்? வந்த பணம் எவ்வளவு, எதற்குப் போனது என்று எழுதிய நோட்டு யார் கையில் இருந்தது? எட்டாம் நாள் அந்தக் குளத்தில் மறுபடியும் சாக்கடை கலந்தால் யார் போய் யாரிடம் கேட்பது? மூன்றுக்கும் பதில் ஏதோ ஒரு பெரியவர்தான். பதினாறு வயதுப் பிள்ளை உழைத்திருக்கிறது, கேட்டிருக்கிறது, கைதட்டியிருக்கிறது. ஒன்றை முடிவெடுத்து, அது சரியா தவறா என்று ஊர் முன்னால் பதில் சொல்லும் வாய்ப்பு மட்டும் அதற்குக் கிடைக்கவில்லை.

கிராமத்து வளரிளம் பருவத்தினருக்கான நம் திட்டங்கள் அனைத்திலும் இந்த ஓட்டை இருக்கிறது. பேச்சுப் போட்டி, ஆளுமைப் பயிற்சி, உறுதிமொழி, விழிப்புணர்வுப் பேரணி என எல்லாமே பிள்ளையின் குரலைச் சீராக்கப் பார்க்கின்றன. அந்தக் குரலுக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் வைக்கப்படவில்லை. நீந்தக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக் கிணற்றடியில் கைகால் அசைக்கும் பயிற்சியை மட்டும் ஆண்டுக்கணக்கில் நடத்துவது போலத்தான் இது. நிஜமான ஒரு பொறுப்பு, சிறியதானாலும் ஒரு தொகை, தோற்கவும் திருத்திக்கொள்ளவும் இடம், கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய ஒரு பெரியவர் ஆகிய நான்கும் சேராத எதையும் தலைமைப் பயிற்சி என்று அழைக்கக் கூடாது என்பதே என் வாதம்.

இதற்கான சான்றை நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்க வயல்களிலிருந்து தொடங்கலாம். 1902இல் ஓஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆல்பர்ட் கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேளாண் குழுவைத் தொடங்கினார். மண்ணைச் சோதிப்பது, விதையைத் தேர்ந்தெடுப்பது, மக்காச்சோளத்துக்குத் தனிப் பாத்தி போடுவது எனப் பிள்ளைகளின் கைக்கே வேலை போனது. பின்னால் '4-எச்' என்று பெயர் பெற்று, இன்று ஏறக்குறைய 60 லட்சம் இளையோரைக் கொண்டிருக்கும் இயக்கத்தின் வித்துகளில் இது ஒன்று. அந்நாளின் வேளாண் துறைக்கு ஒரு சிக்கல் இருந்தது. புதிய விதை, புதிய சாகுபடி முறை என்று சொன்னால் அப்பாக்கள் நம்பவில்லை. பிள்ளைகள் செய்து பார்க்கத் தயாராக இருந்தார்கள். தென் மாநிலங்களின் மக்காச்சோளக் குழுக்களில் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு ஏக்கர் ஒதுக்கப்பட்டது. பரிசு விளைச்சலுக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை. என்ன செலவானது, எவ்வளவு மிஞ்சியது, பயிரை எப்படி வளர்த்தேன் என்று பையன் எழுதிவைத்த பதிவுக்கும் மதிப்பெண் உண்டு. 1910இல் தென் கரோலினாவின் ஜெரி மூர் என்ற 15 வயதுப் பையன் ஒரே ஏக்கரில் 228 புஷெல்லுக்கு மேல் எடுத்தான். நம் கணக்கில் ஏறக்குறைய 5,800 கிலோ. அதே ஆண்டு, அதே மாநிலத்தில் மேரி குரோமர் என்ற ஆசிரியை பெண் பிள்ளைகளுக்காகத் தக்காளிக் குழுவைத் தொடங்கினார். ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்தில் ஒரு பங்கு ஏக்கர், அதாவது நம் வழக்கில் பத்து சென்ட். விளைந்த தக்காளியை டப்பாவில் அடைத்து விற்று, வந்த காசைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளலாம். வாக்குரிமையே பெறாத பெண்கள் வாழ்ந்த காலத்தில் பத்து சென்ட் நிலமும் ஒரு கணக்கு நோட்டும் ஒரு பெண் பிள்ளையை வீட்டில் நிமிர்ந்து பேச வைத்தன.

இனி நம் பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். கர்நாடகத்தின் குந்தாப்பூர் வட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையடியில் இருக்கிறது. ஆனி ஆடி மழையில் ஓடைகள் பெருக்கெடுக்கும். இரண்டு பாக்கு மரத்தண்டைக் குறுக்கே போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கயிறோ கொம்போ கட்டியிருக்கும் நடைபாலத்தை அங்கே 'காலு சங்கா' என்கிறார்கள். பாசி பிடித்த தண்டில் புத்தகப் பையோடு கால் வைக்கும் பிள்ளைக்கு அந்த ஓடை பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் அச்சம். பெரியவர்களுக்கு அது மழைக்காலத்தின் வழக்கமான தொல்லை மட்டுமே. 1990இல் உருவான பீம சங்கம் என்ற உழைக்கும் சிறுவர் சங்கமும், அதற்குத் துணைநின்ற உழைக்கும் குழந்தைகளுக்கான அமைப்பும் இந்தப் பகுதியில் 'மக்கள பஞ்சாயத்து' என்ற குழந்தைகள் ஊராட்சிகளைக் கொண்டுவந்தன. கன்னடத்தில் 'மக்களு' என்றால் பிள்ளைகள். மக்கட்பேறு என்று குறள் அதிகாரத்தின் பெயரிலேயே சொல்லிவந்த நாமும் ஒரு காலத்தில் அந்தச் சொல்லுக்கு அதே பொருளைத்தான் கொண்டிருந்தோம். அந்த ஊராட்சிகளுக்குப் பிள்ளைகளே வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கூடவே பெரியவர்களில் ஒருவரை 'மக்கள மித்ரா', அதாவது பிள்ளைகளின் நண்பர், என்றும் தேர்ந்தெடுத்தார்கள். வட்ட அளவில் அதிகாரிகளோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் ஏற்பாடும் இருந்தது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, ஊரின் வரைபடத்தைத் தாங்களே வரைந்து, எந்த ஓடைக்குப் பாலம் வேண்டும், எந்தப் பாதை யாருக்குத் தேவை என்று புள்ளிவிவரத்தோடு அவர்கள் கேட்டபோது, 'குழந்தைகள் என்னவோ கேட்கிறார்கள்' என்று ஒதுக்க முடியவில்லை. நடைபாலங்கள் வந்தன. 2006இல் கர்நாடக அரசு ஒவ்வொரு கிராம ஊராட்சியும் பிள்ளைகளுக்கெனத் தனிக் கிராம சபை நடத்த வேண்டும் என்று ஆணையிட்டது.

ஆணை வந்ததாலேயே எல்லா ஊரிலும் அது உயிரோடு நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வாழைமரம் கட்டி, பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து, இனிப்புக் கொடுத்து அனுப்பிவிடும் சபைகளும் உண்டு. ஆனால் குந்தாப்பூர்ப் பிள்ளைகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். ஊரைப் பற்றிய ஒருவகை அறிவு பிள்ளைகளிடம் மட்டும்தான் இருக்கிறது. எந்தத் தெருவிளக்கு எரியாததால் எந்தப் பெண் தனிப்பயிற்சி வகுப்பை நிறுத்தினாள், பள்ளிக் கழிவறையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும், காலைப் பேருந்து நிற்காமல் போனால் யார் யார் நடக்கிறார்கள் என்பதையெல்லாம் அதிகாரியோ ஊராட்சித் தலைவரோ அவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைத் திரட்டி, நிரூபித்து, அதன் பேரில் ஒரு முடிவைப் பெறுவதுதான் தலைமையின் முதல் பாடம். குமரி மாவட்டத்தில் அருட்தந்தை எட்வின் ஜான் வளர்த்தெடுத்த அக்கம்பக்கக் குழந்தைகள் பாராளுமன்றங்கள் இதற்கு இன்னொரு நுணுக்கத்தைச் சேர்த்தன. ஏறக்குறைய முப்பது வீடுகளுக்கு ஒரு மன்றம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துறை. ஐந்நூறு பேர் கூடும் அரங்கில் நன்றாகப் பேசும் நான்கு பேர் தலைவர்களாகிவிடுவார்கள், மற்றவர்கள் கைதட்டக் கற்றுக்கொள்வார்கள். முப்பது வீட்டுப் பிள்ளைகள் திண்ணையில் கூடினால் வாய் திறக்காத பிள்ளையின் முறையும் வந்தே தீரும்.

சுற்றுச்சூழல் உளவியலாளர் ரோஜர் ஹார்ட் யுனிசெஃபுக்காக 1992இல் எழுதிய சிறு நூலில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படிகள், பிள்ளைகளைக் கருவியாக்குவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்ப்பது. இவை பங்கேற்பே அல்ல என்றார் அவர். வாசகம் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கும் பேரணி எந்தப் படியில் நிற்கிறது என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளிகளில் 2024இல் வந்த 'மகிழ் முற்றம்' குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்துத் தலைவர்களையும் தருகிறது. பெயர் அழகு, நோக்கமும் நல்லது. அந்தக் குழுத் தலைவர் பள்ளிக்குள் எதையாவது தீர்மானிக்க முடிகிறதா என்பதைப் பொறுத்தே அது ஏணியில் மேலே ஏறும்.

இத்தகைய திட்டங்கள் உண்மையிலேயே பலன் தருகின்றனவா, அல்லது ஏற்கெனவே துடிப்பான பிள்ளைகள்தான் இவற்றில் சேர்கிறார்களா என்ற சந்தேகம் நியாயமானது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லெர்னர் 2002இல் தொடங்கி 42 அமெரிக்க மாநிலங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இளையோரை ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்தார். 4-எச் குழுவில் இருந்தவர்கள் ஊருக்கு உழைப்பதிலும் பொது விஷயங்களில் ஈடுபடுவதிலும் மற்றவர்களை விட முன்னே இருந்தார்கள். ஆனால் குழுவில் சேர்வது அவரவர் விருப்பம். அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் அதிகம் சேர்ந்திருக்கலாம். எனவே இதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாமே தவிர, தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. இதைவிட உறுதியான சான்று நம் நாட்டிலேயே, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மேற்கு வங்கத்தில் எந்த ஊராட்சியின் தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்படும் என்பது யாருடைய விருப்பத்தையும் சாராமல் சுழற்சியில் அமைகிறது. அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோபலோவா ஆகியோர் 495 கிராமங்களில் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்ட முடிவு இது: தொடர்ந்து இரண்டு முறை பெண் தலைவரைக் கண்ட ஊர்களில், வளரிளம் ஆண்-பெண் பிள்ளைகளின் எதிர்காலக் கனவுகளுக்கு இடையே இருந்த இடைவெளி 32 சதவீதம் குறைந்தது. படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தே போனது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவிடும் நேரமும் குறைந்தது. இது இளையோர் திட்டம் பற்றிய ஆய்வல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பயிற்சி வகுப்பும் நடத்தாமல், தன்னைப் போன்ற ஒருத்தி ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பதைக் கண்ணால் கண்டதே ஒரு பெண் பிள்ளையை இவ்வளவு தூரம் நகர்த்தியிருக்கிறது. அப்படியிருக்க, அவளே முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்தால் அந்த நகர்வு இன்னும் பெரிதாகும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது.

இப்படிப் பிள்ளைகளை முடிவெடுக்கவைப்பதற்கு முதலில் வரும் மறுப்பு படிப்பு பற்றியது. பொதுத் தேர்வு எழுதும் வயதில் ஊர் வேலை எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். கூலி வேலை பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாய்க்கு அந்த மதிப்பெண்தான் சொத்து. அவருடைய கவலையை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நான் கேட்பது மாதத்துக்கு இரண்டு மணி நேரம். பாலத்துக்காகப் பிள்ளைகள் கணக்கெடுப்பது புள்ளியியல். மனு எழுதுவது மொழிப்பாடம். ஊராட்சியின் வரவு செலவைப் படிப்பது குடிமையியல். பாடப்புத்தகத்தில் கிராம சபை பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதிவிட்டு, சொந்த ஊரில் சபை நடக்கும் நாளில் வீட்டில் படுத்திருக்கும் பிள்ளைக்குப் படிப்பு முழுதாகப் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. கிராமத்தில் தலைமை என்பதே சாதியோடு பின்னிக் கிடக்கிறது, பிள்ளைகளை அதற்குள் இழுத்துவிட்டால் நஞ்சை இன்னும் சீக்கிரம் ஊட்டுவதாகிவிடாதா என்பது. மதுரை, விருதுநகர் மாவட்டங்களில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால், 2006 வரை பத்தாண்டுகள் அங்கே முறையான ஊராட்சி நடக்கவில்லை. பத்தாண்டு என்பது ஆறு வயதுக் குழந்தை பதினாறு ஆகும் காலம். அந்தக் குழந்தை தலைமை என்றால் என்னவென்று அங்கே யாரிடமிருந்து கற்றிருக்கும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர் கைகளில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. சமூக நீதி மாணவர் படை ஒன்றையும் பரிந்துரைத்தது. நாம் எதுவும் செய்யாவிட்டால் பிள்ளைகள் எந்தத் தலைமையும் இல்லாமல் வெள்ளைத் தாளாக இருப்பார்கள் என்று நினைப்பது பெரும் பிழை. அவர்களுக்குத் தலைமைப் பயிற்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. திருவிழாவில், ஃபிளக்ஸ் பேனரின் ஓரத்தில் அச்சாகும் வரிசைப் படங்களில், கைக்கயிற்றின் நிறத்தில் நடக்கிறது. அங்கே பையனுக்கு ஒரு வேலை, ஒரு பெயர், ஒரு மரியாதை கிடைக்கிறது. அதே மூன்றையும் வேறு வழியில் கொடுக்காமல், கயிற்றை மட்டும் அறுத்தால் போதாது.

ஆனால் சும்மா ஒரு குழுவை அமைத்தால் அது ஊரின் பிளவைத்தான் நகலெடுக்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் வரும்வரை வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு 4-எச், கருப்பினப் பிள்ளைகளுக்கு இன்னொரு 4-எச் என்றுதான் இருந்தது. நல்ல திட்டத்தால் மட்டும் அந்தச் சுவர் விழவில்லை, சட்டம் வேண்டியிருந்தது. இங்கேயும் காலனித் தெருவும் ஊர்த்தெருவும் ஒரே குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும், தலைவர் பொறுப்பு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுழல வேண்டும், பாதி இடம் பெண் பிள்ளைகளுக்கு வேண்டும் என்ற விதிகள் தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். காலனிக்கும் ஊருக்கும் ஒரே குடிநீர்த் தொட்டி எங்கே அமைவது என்று ஐந்து பேர் சேர்ந்து வரைபடம் போடும்போது, ஒருவர் வீட்டுத் தெருவில் இன்னொருவர் கால் வைத்தே ஆக வேண்டும். நல்லிணக்கம் பற்றிய எத்தனை உரை கேட்டாலும் அந்தத் தெருவில் நடந்து பார்த்த அனுபவம் கிடைக்காது.

சிறுவர்களுக்கு முதிர்ச்சி போதாது என்பது மூன்றாவது மறுப்பு. 61ஆவது திருத்தத்தால் 1989இல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18 ஆனபோதும் இதே பேச்சு எழுந்தது. மேலும், யாரும் பதினாறு வயதுக்கு வாக்குச் சீட்டைக் கொடுக்கச் சொல்லவில்லை. கேட்பதற்கு உரிமையும், பதில் பெறுவதற்கு உரிமையும் கொடுத்தால் போதும். இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தங்களைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அது வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்படவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்கிறது. நம் ஏற்பாடுகளிலும் நாற்காலி போட்டாயிற்று. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் பிள்ளைகளின் பிரதிநிதிகளுக்கு இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய மாதிரி விதிகள், பள்ளி மேலாண்மைக் குழுவில் கல்வியாளருக்கு மாற்றாகப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கவும் வழி வைத்திருக்கின்றன. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள், என்ன சொன்னார்கள், தீர்மானப் பதிவேட்டில் அது ஏறியதா என்று எந்த ஆய்வு அதிகாரியும் கேட்பதில்லை.

படித்து முடித்ததும் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடும் பிள்ளைகளுக்கு ஊர்த் தலைமை எதற்கு என்றும் கேட்பார்கள். பதினெட்டு வயதில் நூற்பாலை விடுதிக்குப் போகும் பெண்ணுக்கு, சம்பளச் சீட்டைப் படித்து, பிடித்தம் எதற்கு என்று கேட்டு, நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போகும் பழக்கம் ஊரிலேயே வந்திருக்க வேண்டும். ஊரை விட்டுப் போகிறவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி அதிகம் தேவை.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. தமிழ்நாட்டில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் சபையின் உறுப்பினர். ஆனால் பிள்ளைகளின் மனுவைப் படிப்பதையும், முந்தைய மனுவுக்கு என்ன நடந்தது என்று சொல்வதையும் ஒவ்வொரு சபையின் முதல் பொருளாக வைக்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை. ஊராட்சிப் பொது நிதியில் ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபாயைப் பிள்ளைகள் குழுவின் தீர்மானத்துக்கு விட்டுவிடலாம். தெருவிளக்கா, ஊர்ப்புற நூலகத்துக்கு நாற்காலியா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். தவறாக முடிவு செய்து, வாங்கிய நாற்காலி மூன்று மாதத்தில் உடைந்தால் அதையும் அவர்களே சபையில் சொல்லட்டும். நாட்டு நலப்பணி முகாமின் ஏழு நாளும் அந்தக் குழு தேர்ந்தெடுத்த வேலைக்கே போகட்டும்.

பெண் பிள்ளைகள் பற்றி ஒரு விவரம் உண்டு. அதில் கோட்டை விட்டால் எல்லாமே கெடும். இளைஞர் கூட்டம் என்றால் மாலை ஆறு மணிக்கு மேல், மன்றத்துத் திண்ணையில் என்பது ஊர் வழக்கம். அந்த நேரத்துக்குப் பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள், வீட்டில் அனுப்பவும் மாட்டார்கள். இரண்டு கூட்டத்தில் அவர்கள் வராமல்போனால் மூன்றாவதில் அவர்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடுவார்கள். எனவே கூட்டம் சனிக்கிழமை காலை, பள்ளி வளாகத்தில் நடக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பிள்ளைகள் வெளியேறிவிடுவார்கள் என்பதும் முன்பே தெரிந்ததுதான். ஆகவே பதினொன்றாம் வகுப்புப் பெண் நோட்டில் கணக்கு எழுதினால், பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் ஒன்பதாம் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும்.